நாற்பது கிராம்

27 அக்டோபர் 2025, திங்கள்

காலையில் பால் கவர்களைக் கழுவிக் கொடியில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மொத்தம் ஏழு. சுதீர் காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "பொண்டாட்டி புடவை காயற இடத்துல பால் கவர் காயறது. மல்லேஸ்வரத்துலயே நம்மாத்துல மட்டும்தான்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதே இருபத்திரண்டு வருஷமாகச் சமையலறைக் குழாய் ஒழுகலைச் சரி செய்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதினொரு மணிக்கு ஸ்ரீராம்புரம் ஷெட். நாலு தெரு, முந்நூறு வீடுகளின் உலர்குப்பை அங்கே வந்து சேருகிறது. பதினொரு பெண்கள் உட்கார்ந்து பிரிக்கிறார்கள் — அட்டை தனி, பாட்டில் தனி, பால் கவர் தனி. பிரித்ததை நான் எழுதுகிறேன். எங்கள் தொண்டு நிறுவனத்தில் எனக்குப் பெரிய பதவிப் பெயரெல்லாம் உண்டு. செய்வது இதுதான். வியாழன்தோறும் ஒரு வாரக் குவியலைத் தராசில் தொங்கவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்வது.

ஷெட் சுவரில் ஐ.நா. சபையின் பதினேழு இலக்குகள் போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். பதினேழு வண்ணக் கட்டம். 2030க்குள் எல்லாம் முடிந்தாக வேண்டுமாம். பெண்களுக்குத் தலைவி மாதிரி இருக்கும் கேத்தரின் அக்கா இன்று அதைக் காட்டி, "இதுல நம்மளது எது மேடம்?" என்று கேட்டார். பன்னிரண்டாவது கட்டத்தைக் காட்டினேன், வீணாக்காமல் பயன்படுத்துவது.

"இந்த மண் கலரா? சேப்பு, நீலம்லாம் யாருக்குக் குடுத்தாங்க?"

உலகத் தலைவர்கள் யாரும் யோசிக்காத கேள்வி.

30 அக்டோபர், வியாழன்

நாலாவது வாரம். 530 கிலோ. போன வாரம் தீபாவளி அட்டைப்பெட்டிகளால் 561. அதற்கு முன்னால் 512, 498.

இதே நாளில் இதே மாதிரி இன்னும் நாலு ஊரில் எடை போடுகிறார்கள். கென்யாவில் கிசுமு. இந்தோனேசியா, பெரு, வங்கதேசத்தில் ஒவ்வோர் ஊர். எட்டு வாரம். கையால் குப்பை பிரிக்கிற பெண்கள் உலகத்தில் எவ்வளவைக் காப்பாற்றுகிறார்கள் என்பது எந்த அரசாங்கக் கணக்கிலும் இல்லை. ஐந்து நாடும் ஒரே முறையில் எடை போட்டு ஒரே அறிக்கையாக நீட்டினால் யாரும் தள்ளிவிட முடியாது. கோபன்ஹேகனில் உட்கார்ந்து எங்கள் ஐந்து பேரையும் ஒருங்கிணைக்கிற ஹென்ரிக்கின் கனவு இது. ஒவ்வொரு கூட்டத்திலும் "வேகம், இன்னும் வேகம்" என்கிறார். பாவம், நல்ல மனுஷன். அவர் வீட்டிலும் ஏதாவது குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்.

எங்களுக்குக் கனவை விட அவசரம். ஷெட் இருக்கும் இடத்தை வண்டி நிறுத்துமிடம் ஆக்கப் போகிறார்கள். டிசம்பர் 31 வரைதான் அனுமதி. "சர்வதேச அறிக்கையில் நம்ம ஷெட் பேர் வந்தா மேலே சொல்லிப் பார்க்கலாம்" என்று வார்டு ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். எட்டு வார எண்ணும் முழுசாக இருந்தால்தான் அறிக்கையில் ஊர் பெயர். ஒரு வாரம் விட்டுப்போனாலும் பின்னிணைப்பில் பொடி எழுத்து.

அப்படிப் போனால் இந்தப் பதினொரு பேரும் பழையபடி தெருவோரம் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். மழையில், நாய்களோடு. கேத்தரின் அக்கா பதினெட்டு வருஷம் அப்படி உட்கார்ந்தவர்.

6 நவம்பர், வியாழன்

ஐந்தாவது வாரம், 519. ஆறாவது வாரத்துக்கு ஹென்ரிக்கும் கிசுமுவின் அச்சியெங்கும் நேரில் வருகிறார்கள். அவர்கள் கண் முன்னால் குவியலைப் பிரித்து எடை போட வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் இப்படி ஒரு சாட்சி வாரம் உண்டாம்.

அச்சியெங்கைத் திரையில்தான் தெரியும். அறுபது வயசிருக்கும். மீன் விற்றுக்கொண்டிருந்தவர், ஏரிக்கரைப் பிளாஸ்டிக்கைப் பொறுக்க ஆரம்பித்து, இப்போது நாற்பது பெண்களுக்குத் தலைவி, கணக்குப்பிள்ளை எல்லாம். கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இவர் மட்டும் "சிஸ்டர்" என்பார். ஒருமுறை பின்னால் சேவல் கூவிற்று. "அது எங்கள் உதவி இயக்குநர்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை இங்கே நம் வீட்டில் சாப்பிடச் சொல்லியிருக்கிறேன். சுதீரிடம் சொன்னேன். "அவா மீன் இல்லாம சாப்பிடுவாளா?" என்று கவலைப்பட்டார். இவருக்கு வந்த கவலையைப் பார்.

10 நவம்பர், திங்கள்

ஷெட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். குவியலைத் தொடக்கூடாது. வாரம் பூரா சேர்ந்தது வியாழக்கிழமை காலையில் அப்படியே இருக்க வேண்டும். பதினொரு தலையும் ஆடின. கிளம்பும்போது, "அவ்வளவு தூரத்துலேர்ந்து வராங்க, நம்ம மானத்தை வாங்கிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் திரைச்சீலை மாற்றினேன். ரக்ஷா காலேஜிலிருந்து வந்து, "அம்மா, யார் வரா, ஜனாதிபதியா?" என்றாள். செருப்பு ஸ்டாண்டை மாடிக்குத் தூக்கிப்போனோம். பழைய பேப்பர், சேர்த்து வைத்த கவர், மிக்ஸி வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி எல்லாவற்றையும் ஸ்டோர் ரூமில் திணித்து, கதவைத் தோளால் முட்டிச் சாத்தினேன்.

13 நவம்பர், வியாழன்

என்ன எழுதறது. கை ஓடலை.

ஒன்பது மணிக்கு ஹென்ரிக்கையும் அச்சியெங்கையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே பினாயில் வாசனை. வாசலில் மாவிலை. பெரிய படிக்கோலம், நடுவில் கலர்ப்பொடி. பதினொரு பேரும் பண்டிகைப் புடவையில். சர்ச்சிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகள் வரிசையாக. உள்ளே போனால் தரை பளிச்சென்று ஈரமாக இருக்கிறது.

குப்பை இல்லை. ஒரு பால் கவர்கூட இல்லை.

ஐயோ, என்ன பண்ணிட்டீங்க அக்கா. எங்கே எல்லாம்? — இது நான்.

கேத்தரின் அக்கா முகமெல்லாம் சிரிப்பு. "நேத்தே டிரேவரை வண்டி எடுத்தாரச் சொல்டேன் மேடம். மூணு டிரிப். அடுகோடி குஜரிக் கடைக்கு ஏத்தி அனுப்பியாச்சு." டிரேவர் அவர் தம்பி, சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். குஜரிக் கடை என்பது மொத்தமாகப் பழைய சாமான் வாங்குகிற இடம். அவரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

தொடக்கூடாதுன்னு சொன்னேனே.

"சொன்னீங்கதான். ஆனா மானத்தை வாங்கிடாதீங்கன்னும் சொன்னீங்க. வூட்டு ஆளுங்கன்னா பரவால்ல மேடம். விருந்தாளிக்கு யாராவது கசாவைக் காட்டுவாங்களா?"

விருந்தாளிக்குக் குப்பையைக் காட்டக்கூடாதாம். மானம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுதானே.

ஹென்ரிக் கையில் படிவத்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அச்சியெங் மட்டும் ஒன்றும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, கோலத்தையும் புடவைகளையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்தது. பெண்கள் தினம் குடிப்பது எவர்சில்வர் டம்ளரில். விருந்தாளிகள் என்பதால் இன்றைக்குப் புதுசாகப் பேப்பர் கப் வாங்கியிருந்தார்கள். எனக்கு அழுகையா சிரிப்பா என்றே தெரியவில்லை.

குடித்து முடித்து அச்சியெங் கப்பை எங்கே போடுவது என்று தேடினார். போட இடமில்லை, அவ்வளவு சுத்தம். என் கையில் கொடுத்தார். மற்றவர்கள் குடித்ததையும் சேர்த்து ஒன்பது கப். கொண்டு போய்த் தராசில் தொங்கவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன், தெரியவில்லை. வியாழக்கிழமை ஆனால் கை தானாகத் தராசுக்குப் போகிறது.

நாற்பது கிராம்.

14 நவம்பர், வெள்ளி

அச்சியெங் சாப்பிட வந்தார். ஹென்ரிக்குக்கு வயிறு சரியில்லை, வரவில்லை. பிசிபேளாபாத், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சுதீருக்கு நிம்மதி.

கை கழுவ எழுந்தவர் பாத்ரூம் என்று நினைத்து ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துவிட்டார். மிக்ஸி பெட்டி முதலில் விழுந்தது. அதன் மேல் டிவி பெட்டி. அப்புறம் பிளாஸ்டிக் கவர் மூட்டை அவிழ்ந்து, கவர்கள் ஹால் பூரா பறந்தன. ரக்ஷா சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அச்சியெங் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு நிற்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. தரையில் உட்கார்ந்து கவர்களை மடித்துக்கொண்டே, "சிஸ்டர், நேற்று உன் பெண்கள்மேல் கோபப்பட்டாயே" என்றார்.

சுதீர் சும்மா இருப்பாரா. "நீயும் அதத்தானே பண்ணினே? அவா அடுகோடிக்கு அனுப்பினா, நீ ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினே" என்றார்.

மடித்து முடித்ததும் அச்சியெங் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர்களுடைய மூன்றாவது வார எண்ணைப் பார்த்தேனா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன், 388. அது எடை போட்டதில்லையாம். அந்த வாரம் பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று அங்கேயும் பெண்கள் எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிட்டு, கரையைப் பெருக்கி, பூ கட்டிவிட்டார்களாம். இவர் மற்ற வாரங்களின் சராசரியைப் போட்டு அனுப்பிவிட்டாராம்.

"உன்னிடம் சொல்லிவிட்டேன். தூக்கம் வரும் இனிமேல்" என்றார்.

எனக்குத்தான் வராது போலிருக்கிறது.

15 நவம்பர், சனி

விருந்தாளிகள் கிளம்பினார்கள். ஏர்போர்ட்டில் அச்சியெங் என்னைக் கட்டிக்கொண்டார். உயரமான மனுஷி, என் முகம் அவர் தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது. எனக்கு ஓர் அக்கா இருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள்.

17 நவம்பர், திங்கள்

எங்கள் நிறுவனத் தலைவர் ப்ரஹ்லாத் கூப்பிட்டார். என்னை விடப் பன்னிரண்டு வயது சின்னவர். கெட்டிக்காரர், இதே ஷெட்டுக்காக எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"ஆவரேஜ் போட்டுடலாம் மேம். ஸ்டாண்டர்ட் ப்ராக்டிஸ்தான். ஹென்ரிக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டார். அவருக்கும் அஞ்சு ஊர் முழுசா வேணும்."

ஐந்து வாரச் சராசரி 524. கணக்குப் போடக்கூட வேண்டாம், கம்ப்யூட்டரே போட்டுக் காட்டுகிறது. கட்டத்தில் தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். பொய் என்று சொல்ல முடியாது. வழக்கமாக அவ்வளவு வரும்தானே? வரும். அந்த வாரம் வந்ததும்தானே? வந்தது. குஜரிக் கடைக்குப் போயிற்று, அவ்வளவுதான். அப்புறம் என்ன உறுத்தல்?

சாயங்காலம் ஷெட்டில் வேறு கூத்து. டிரேவர் வண்டி நிறைய மூட்டையோடு வந்து நின்றார். நாலு நாளாகக் கேத்தரின் அக்கா சாப்பிடவில்லையாம். கழுவினதால் ஷெட்டே போய்விடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்காவும் தம்பியும் அடுகோடிக்குப் போய், குஜரிக் கடைக்காரரிடம் கெஞ்சிக் குப்பையைத் திரும்ப எடுத்து வந்திருக்கிறார்கள்.

மூட்டையை அவிழ்த்தால் எங்களுடையது இல்லை. எங்கள் தெருக்களில் யார் வீட்டில் டென்னிஸ் மட்டை இருக்கிறது? உடைந்த கிரைண்டர் ஒன்று. ஒரு ஸ்கூட்டர் சைலன்ஸர்.

"நம்மளது அப்பவே லாரியில ஏறிடுச்சாம். ஆனா இதுவும் நம்ம கசா மாதிரியேதான் கீது மேடம்" என்றார் கேத்தரின் அக்கா. "எடை போட்டுப் பாருங்க, சரியா வந்துடும். வரலைன்னா இன்னொரு டிரிப் அடிக்கச் சொல்றேன்."

குப்பையைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தொலைத்த குப்பையைத் தேடிக்கொண்டு போனவர்களை இன்றுதான் பார்த்தேன். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுதுவிட்டேன். அவரும் அழுதார். டிரேவர் சைலன்ஸரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

18 நவம்பர், செவ்வாய்

ஒன்று புரிந்தது. 524 என்று போட்டால் அந்தக் கோலம் இல்லை, மாவிலை இல்லை, மூன்று டிரிப் இல்லை. இந்தப் பெண்கள் அந்த வாரம் செய்தது ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். நடந்ததை எழுதத்தானே எனக்குச் சம்பளம்?

இன்னொன்றும் தோன்றுகிறது. கிசுமுவில் பெருக்கியிருக்கிறார்கள், இங்கே கழுவியிருக்கிறோம். பாக்கி மூன்று ஊரில்? இத்தனை வருஷமாக உலகம் முழுக்க ஒருவருக்கொருவர் போய்ப் பார்த்துக்கொண்டதெல்லாம் கழுவின தரையைத்தானா?

சுதீரிடம் சொன்னேன். ஷெட் போய்விட்டால் அந்தப் பதினொரு பேரின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கேட்டேன். கேலி செய்யவில்லை. "நீ பொய் எழுதிட்டு வந்தா எனக்குத்தான் மொதல்ல தெரியும், ரஞ்சு. சாதத்துல உப்பு மறந்துடுவே" என்றார்.

19 நவம்பர், புதன்

கேத்தரின் அக்காவிடம் போய் நேராகச் சொன்னேன். உள்ளதை எழுதப் போகிறேன், ஷெட் போனாலும் போகலாம். "நாங்க கழுவிட்டோம்னு எழுதுவீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "கோலம் போட்டோம்னும் எழுதுங்க" என்றார்.

ப்ரஹ்லாதிடமும் சொன்னேன். கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

21 நவம்பர், வெள்ளி

ஐந்து ஊர்க் கூட்டம். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். என் முறை வந்தது. எழுதி வைத்ததை வாசித்தேன்.

"ஆறாவது வாரம்: நாற்பது கிராம். ஒன்பது பேப்பர் கப். விருந்தாளிகள் வருகிறார்கள் என்பதால் எங்கள் பெண்கள் குவியலை முந்தின நாளே அனுப்பிவிட்டு, தரையைக் கழுவி, கோலம் போட்டார்கள். அப்படிச் செய்யத் தூண்டியது நான் சொன்ன ஒரு வார்த்தை. விட்டுப்போன எண்ணைச் சராசரியால் நிரப்பவில்லை."

பக்கத்தில் ப்ரஹ்லாத் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு, இனி ஷெட்டுக்கு எந்த முகத்தோடு போவேன் —

அச்சியெங் மைக்கைத் திறந்தார். முதலில் சேவல் கேட்டது. அப்புறம் அவர் குரல்.

"கிசுமு, மூன்றாவது வாரம். 388 என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். அன்றைக்கு எங்களிடம் பூ மட்டும்தான் இருந்தது."

நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் சொல்வார் என்று எதிர்பார்க்கவும் இல்லை. நாற்பது பெண்கள் அவரை நம்பி இருக்கிறார்கள்.

பிறகு இந்தோனேசியாக்காரம்மா இரண்டு வாரம் என்றார். பெரு நாட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கை தூக்கினார். வங்கதேசத்துக்காரர் தங்கள் எண்களில் ஒரு குறையும் இல்லை என்றார். இரண்டு நிமிஷம் கழித்து, "நாலாவது வாரத்தைத் தவிர" என்றார்.

ஹென்ரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "இரண்டு வருஷமாகக் கூட்டம் நடத்துகிறேன். இன்றைக்குத்தான் நாம் பேசிக்கொண்டோம் என்று தோன்றுகிறது" என்றார்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறோம். எட்டு வாரத்துக்கு நேரமில்லை, நாலு வாரம். ஹென்ரிக் வழியாக எண் போய் வருவது இனி இல்லை. இரண்டு ஊர் ஒரு ஜோடி, மற்ற மூன்றும் ஒரு கூட்டு என்று சேர்ந்து, வியாழக்கிழமை வீடியோவில் ஒருவர் எடை போடுவதை மற்றவர் நேரடியாகப் பார்க்க வேண்டும். அச்சியெங் ஒரு விதி சேர்த்தார். யார் நேரில் பார்க்க வந்தாலும் முதலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். விருந்தாளி என்று யாரும் கிடையாது.

எங்களுக்கு ஜோடி கிசுமு. கேட்கவும் வேண்டுமா.

24 நவம்பர், திங்கள்

ப்ரஹ்லாத் இன்னும் பேசவில்லை. குட்மார்னிங் மட்டும்.

27 நவம்பர், வியாழன்

இங்கே பதினொன்றரை, அங்கே ஒன்பது மணி. செல்போனைச் சாக்கின்மேல் சாய்த்து வைத்தோம். அந்தப் பக்கம் நாற்பது பெண்கள், இந்தப் பக்கம் பதினொரு பேர். ஒருவருக்கும் மற்றவர் பாஷை தெரியாது. முதல் பத்து நிமிஷம் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம் கேத்தரின் அக்கா பாட்டிலிலிருந்து மூடி வளையத்தைக் கத்தியால் ஒரே சுண்டில் கழற்றிப் போட, அங்கே ஒரு பெண் "ஏய்!" என்று கூவினாள். மறுபடி செய்து காட்டச் சொன்னார்கள். நாலு தரம் காட்டினார். பதிலுக்கு அவர்கள் பால் கவரை உதறி அடுக்கும் விதத்தைக் காட்டினார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் எடுக்கிற வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது. இதற்கு ஒரு பயிற்சி முகாம் வைக்கலாம் என்று இரண்டு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தோம்.

507 கிலோ. நிஜமான 507.

18 டிசம்பர், வியாழன்

நாலாவது வாரமும் முடிந்தது. 507, 533, 496, 541.

கிசுமுப் பெண்கள் பேரெல்லாம் இப்போது நம்மவர்களுக்குத் தெரியும். அங்கே ஒருத்திக்குப் பிரசவம் ஆயிற்று, இங்கே பாயசம் வைத்தார்கள்.

25 டிசம்பர், வியாழன்

கேத்தரின் அக்கா டிரேவரிடம் கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கல் கொடுத்தனுப்பினார், பெரிய டப்பா நிறைய. சுதீர் அதைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டு தின்கிறார். ஆறு நாளில் ஷெட் அனுமதி முடிகிறது.

29 டிசம்பர், திங்கள்

வார்டு ஆபீஸ். நானும் ப்ரஹ்லாதும். அறிக்கையை மேஜைமேல் வைத்தோம். ஸ்ரீராம்புரம் ஷெட்டின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கீழே பெட்டி கட்டி நாற்பது கிராம் கதையையும் ஹென்ரிக் போட்டுவிட்டார்.

அதிகாரி பெட்டியைத்தான் முதலில் படித்தார். "ஏனு மேடம் இது, நல்வத்து கிராமு?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் முழுக் கதையும் சொன்னேன். முகம் மாறவே இல்லை. கடைசியில் அறிக்கையை மூடிவிட்டு, மேலதிகாரி வருகிற அன்றைக்குத் தன் மேஜைமேல் இருக்கிற ஃபைல்களெல்லாம் எங்கே போகும் தெரியுமா என்று கேட்டு, பின்னால் இருந்த பாத்ரூம் கதவைக் காட்டினார். அப்புறம் சிரித்தார். கையெழுத்து? "நோடோணா" என்றார். பார்க்கலாமாம். இந்த ஊரில் அதற்கு நூறு அர்த்தம்.

வெளியே வந்ததும் ப்ரஹ்லாத், "மேம், டீ சாப்பிடலாமா?" என்றார். ஒரு மாசம் கழித்து வந்த டீ. நன்றாக இருந்தது.

31 டிசம்பர், புதன்

நாலு மணிக்குக் கடிதம் வந்தது, ஷெட்டுக்கு அனுமதி நீட்டிப்பு. மூன்று வருஷம்.

ஷெட்டில் வாசித்துக் காட்டினேன். யாரும் கை தட்டவில்லை. கேத்தரின் அக்கா எழுந்து போய், எங்கிருந்தோ ஒரு பால் கவரை எடுத்து உதறி அடுக்கில் வைத்தார். இன்னொன்று எடுத்தார். எல்லோரும் வேலையை ஆரம்பித்தார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

9 பிப்ரவரி 2026, திங்கள்

மார்ச்சில் சாட்சி வாரத்துக்குக் கிசுமு போக வேண்டும். ஊருக்கு இரண்டு பேர். ப்ரஹ்லாத் தன் இடத்தைத் தானே கேத்தரின் அக்காவுக்கு விட்டுக் கொடுத்தார். பாஸ்போர்ட் வாங்கப் பிறந்த தேதி வேண்டும், அக்காவுக்குத் தெரியாது. சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால், இத்தனை நாள் நினைத்ததை விட மூன்று வயது சின்னவராம். "மூணு வருசம் எனக்குப் பாக்கி கீது" என்று ஷெட் பூரா சொல்லிக்கொண்டு திரிகிறார்.

8 மார்ச், ஞாயிறு

பெட்டி கட்டியாயிற்று. அக்காவின் பெட்டியில் பாதி முறுக்கு. சுதீர் சொல்லாமல் கொள்ளாமல் குழாயைச் சரி செய்துவிட்டார். நான் ஊரில் இல்லாதபோது சொட்டு சொட்டென்று கேட்டால் என் ஞாபகம் வருமாம். இதை முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

12 மார்ச், வியாழன். கிசுமு.

காலையில் அச்சியெங்கின் ஷெட்டுக்குப் போனோம். ஏரிக்காற்று. கேத்தரின் அக்கா பண்டிகைப் புடவை கட்டிக்கொண்டிருந்தார், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

வாசலில் பூ இல்லை. தரை கழுவவில்லை. நாற்காலி ஒன்றுகூட இல்லை. உள்ளே ஆள் உயரத்துக்குக் குவியல் — பாட்டில், கவர், கிழிந்த வலை, ஒற்றைச் செருப்பு. ஒரு வாரத்தது, அப்படியே. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. சேவல் ஒன்று மேலே ஏறி நின்றது. அதுதான் உதவி இயக்குநராக இருக்க வேண்டும்.

அச்சியெங் எங்களைக் கட்டிக்கொள்ளக்கூட இல்லை. ஆளுக்கு ஒரு ஜோடிக் கையுறையைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் இடம் காட்டினார். டீ கொடுத்தார்கள். அவர்கள் தினம் குடிக்கிற, ஓரம் பெயர்ந்த பீங்கான் குவளைகளில்.

கேத்தரின் அக்கா குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. மேடம் என்று கூப்பிடவில்லை.

"ரஞ்சனிம்மா, பாத்தியா. நம்மள வூட்டு ஆளுங்களாக்கிட்டாங்க."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நான் தராசைக் கொக்கியில் மாட்டினேன். முதல் சாக்கு, பதினொரு கிலோ நானூறு.